மூட்டையை மாற்றுமுன் தராசை எடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: நாய்க்குட்டியின் வயிறும் உலர் உணவும்

கேள்வி: எங்கள் லாப்ரடோர் பெண் குட்டிக்கு 9 கிழமை, நிறை 5 கிலோ. வீட்டுக்கு வந்து 8 நாள். வாங்கிய இடத்தில் கொடுத்ததைவிட விலை கூடிய உலர் உணவொன்றை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் தொடக்கம் இளகிப் போகிறாள். கடைக்காரர் சொன்னபடி இன்னொன்றுக்கு மாற்றினோம், அதுவும் அப்படித்தான். காலையில் ஒழுங்காகப் போகிறாள், பின்னேரம் கூழ் மாதிரி. நாளுக்கு நான்கு முறை, முறைக்கு ஒரு தேநீர்க் கோப்பை. இரவில் கொஞ்சம் பால்மா கரைத்துக் கொடுக்கிறோம். விளையாட்டுக்குக் குறைவில்லை. வயிற்றுக்கு ஒத்துப்போகும் பிராண்ட் எது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அது எந்தப் பிராண்டுக்கு மாறினாலும் கூடவே வரும்.

கோப்பையிலிருந்து தொடங்குவோம். 4 மாதத்துக்கு உட்பட்ட 5 கிலோக் குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 கிலோகலோரி போதும். பெரும்பாலான குட்டி உணவுகளில் 100 கிராமுக்கு 360 முதல் 400 கிலோகலோரி இருக்கும். 380 என்று வைத்தால், நாள் முழுவதற்கும் 185 கிராம். நான்காகப் பிரித்தால் வேளைக்கு 46 கிராம். இப்போது உங்கள் தேநீர்க் கோப்பையைக் கோபுரமாக நிரப்பிச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 75, 80 கிராம் காட்டும். நான்கு வேளைக்கு 320 கிராம். தேவையைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு!

சிறுகுடலுக்கு ஒரு நேரத்தில் இவ்வளவைத்தான் சீரணிக்க முடியும் என்று ஓர் எல்லை உண்டு. அதற்கு மேற்பட்ட மாச்சத்தும் கொழுப்பும் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். அங்குள்ள பக்டீரியா அவற்றைப் புளிக்கவைக்கும், குடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் வெறும் வயிற்றோடு கட்டியாகப் போய், வேளைக்கு வேளை இளகிக்கொண்டே வருவது பெரும்பாலும் இந்த மிகைத் தீனியின் அடையாளம்தான். வளரும் பிள்ளை என்று இரக்கப்பட்டு அள்ளிப் போடுகிறோம், வயிறு அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பால்மாவை இன்றே நிறுத்துங்கள். பசும்பாலில் தாய்நாயின் பாலைவிட லக்டோஸ் கூட; பால் மறக்கும் வயதில் அதை உடைக்கும் நொதியும் குட்டியின் குடலில் குறைந்துகொண்டு போகிறது. இரவில் கொடுக்கும் வெதுவெதுப்பான பால் பிறகு வயிற்றோட்டமாக வெளிவருவது அதிசயமில்லை. 9 கிழமையில் உலர் உணவும் தண்ணீரும் போதும்.

இனி, 8 நாளில் மூன்று உணவு. குடலிலுள்ள பக்டீரியாக் கூட்டம் தனக்குக் கிடைக்கும் உணவுக்கேற்ப மாறிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் எடுக்கும். அந்த நாளை நீங்கள் கொடுக்கவேயில்லை. குட்டி வாங்கிய இடத்தில் எதைக் கொடுத்தார்களோ அதற்கே திரும்புங்கள், ஆனால் தராசில் நிறுத்துக் கொடுங்கள். மலம் கட்டியாகும்வரை, அதாவது இரண்டு மூன்று நாளுக்கு, வேளைக்கு 40 கிராம் போதும். கையால் எடுத்தால் உருக்குலையாமல், நிலத்தில் ஈரத்தடம் மட்டும் விட்டு வந்தால் அதுவே சரியான பதம். பிறகு புதிய உணவைச் சேர்க்கத் தொடங்கலாம். முதல் 3 நாள் கால் பங்கு (46 கிராமில் 12 கிராம், ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி), அடுத்த 3 நாள் அரை, அடுத்த 3 நாள் முக்கால், பத்தாம் நாள் முழுவதும். இடையில் இளகினால் முன்னைய படிக்கு இறங்கி 2 நாள் நில்லுங்கள். பயந்துபோய் வேறு மூட்டை வாங்கப் போகவேண்டாம்.

அந்தப் புதிய உணவு எது என்பதற்கு வருவோம். பையின் முன்பக்கத்துக் கோழிப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் புரட்டுங்கள். 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்ற வாசகம் இருக்கவேண்டும். 'அடல்ட் மெயின்டனன்ஸ்' (வளர்ந்த நாய்க்கானது) என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உங்களுடையது லாப்ரடோர் என்பதால் பெரிய இனக் குட்டிகளுக்கானது என்றும் எழுதியிருக்கவேண்டும். காரணம் கல்சியம். வளர்ந்த நாய் தேவைக்கு மேற்பட்ட கல்சியத்தைக் குடலிலேயே தடுத்துக்கொள்ளும், சிறு குட்டியால் அது முடியாது. கூடினால் எலும்பு வளர்ச்சி கோணும். ஈரப்பதனைக் கழித்துப் பார்க்கையில் 1.2 வீதத்துக்குக் குறையாமலும் 1.8 வீதத்தைத் தாண்டாமலும் இருக்கவேண்டும். ஈரப்பதன் 10 வீதமுள்ள பையில் அது ஏறக்குறைய 1.1 முதல் 1.6 வரை என்று தெரியும். மேலதிகமாகக் கல்சியம் சிரப் ஊற்ற யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

புரதத்தையும் இதே கணக்கில் பாருங்கள். பையில் 28 வீதம், ஈரப்பதன் 10 என்றால், 28ஐ 0.9ஆல் வகுக்க 31 வரும். வளரும் குட்டிக்குக் கீழெல்லை 22.5. அதைத் தாண்டிவிட்டால், புரதம் இன்னும் கூடிய பைதான் நல்லது என்றில்லை. இளகிய வயிற்றுக்குக் கொழுப்பின் அளவே கூடிய முக்கியம். 20 வீதத்துக்கு மேற்பட்ட பைகளை விட்டு, 12 முதல் 16 வரையுள்ளதாக எடுங்கள். சேர்மானப் பட்டியலில் பீட் பல்ப், சிக்கரி, சைலியம் போன்ற நார்ப்பொருள் ஒன்று இருந்தால் மலம் கட்டுவதற்கு உதவும். பட்டியல் சமைக்குமுன் இருந்த நிறையின்படி எழுதப்படுவது. பச்சைக் கோழியில் முக்கால்வாசி தண்ணீர் என்பதால் அது முதலிடத்தில் நிற்பது பெரிய விடயமல்ல.

முழு உணவுக்கு மாறியபின் இரண்டு கிழமை பொறுத்துத்தான் அது ஒத்துப்போகிறதா என்று தீர்ப்புச் சொல்லலாம். கிழமைக்கொருமுறை குட்டியை நிறுத்து, அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். 4 மாதத்துக்குப் பிறகு ஒரு கிலோவுக்கான தேவை குறையத் தொடங்கும், நான்கு வேளையும் மூன்றாகும்.

கேள்வி: கடையில் பெரிய மூட்டையைத் திறந்து வைத்துக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். விலை குறைவு. எறும்பு ஏறாத பிளாஸ்டிக் வாளியில் கொட்டி வைக்கிறோம். இப்போது குட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது, சாப்பிட்டால் வயிறு கலங்குகிறது. சலித்துவிட்டதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சலிப்பாக இருக்காது. குட்டியின் மூக்கு உங்களுக்கு முன்னரே ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. உலர் உணவு மணிகளின் மேல் தெளித்திருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டதும் சிக்கு அடிக்கத் தொடங்கும். கொழும்பின் வெக்கையும் ஈரக்காற்றும் அதை விரைவுபடுத்தும். சாப்பிட்டால் வயிறு கலங்குவதற்கு அந்தக் கொழுப்பே போதும். அதைவிட மோசமானது பூஞ்சணம். பையை உடைக்கும்போது மணிகளில் 10 வீதத்துக்குக் கிட்ட ஈரம் இருக்கும். திறந்த மூட்டையில் அது ஏறிக்கொண்டே போகும். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் ஈரலைத் தாக்கும், வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் போகாது.

ஒரு மணியை எடுத்து இரண்டு விரல் நகத்துக்கிடையில் அழுத்துங்கள். 'டக்' என்று உடைந்தால் சரி. நமத்த அப்பளம்போல் வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. நான்கைந்தை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள்: பழைய எண்ணெய்ப் போத்தல் மணமோ பெயின்ற் மணமோ வந்தால் வீசிவிடுங்கள். தெருநாய்க்கும் போடவேண்டாம்.

நிறுத்து விற்கும் உணவை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூட்டை எப்போது திறக்கப்பட்டது, திகதி என்ன, நேற்று அதே அகப்பையால் எதை அள்ளினார்கள் என்று எதுவும் தெரியாது. நாளாந்தக் கிராமை 30ஆல் பெருக்கி, அந்த அளவுக்கு மேற்படாத மூடிய பையாக வாங்குங்கள். 100 கிராம் சாப்பிடும் குட்டிக்கு 3 கிலோ. பெரிய மூட்டையில் மிச்சம்பிடிக்கும் காசு மருந்துக்குப் போய்விடும். உணவைப் பையோடு வாளிக்குள் இறக்கி வாயைக் கிளிப்பால் மடித்து வையுங்கள். வாளியில் நேராகக் கொட்டினால் சுவரில் ஒட்டிய பழைய எண்ணெய் புதியதையும் கெடுக்கும். ஒவ்வொரு பைக்கும் இடையில் வாளியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முற்றாகக் காயவிடுங்கள். தொடர்மாடியின் கடற்பக்கப் பல்கனியும் அடுப்புக்கு மேல் தட்டும் ஆகாத இடங்கள். பிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் மணிகளில் நீர் கோத்துக்கொள்ளும்.

கேள்வி: உலர் உணவோடு நாங்கள் சாப்பிடும் சோறும் மீன்குழம்பும் பிசைந்து கொடுக்கலாமா? வெறுமனே கொடுத்தால் பாவமாக இருக்கிறது.
– வாசகி, தெஹிவளை

பதில்: குழம்பு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிற்றைக் கலக்கும். கருவாட்டில் உப்பு. வெறுஞ்சோறும் உப்பில்லாமல் அவித்து முள்ளெடுத்த மீனும் ஆகும், ஆனால் நாளின் கலோரியில் பத்திலொரு பங்குக்குள். 700 கிலோகலோரி சாப்பிடும் குட்டிக்கு அது ஒரு அவித்த முட்டை, அல்லது நான்கு மேசைக்கரண்டிச் சோறு. இரண்டில் ஒன்றுதான். அதற்கேற்ப உலர் உணவில் 18 கிராமைக் குறையுங்கள். கூடிப்போனால் பையில் கணக்காக அமைத்த சமநிலை குலையும், குட்டியும் சோற்றைப் பொறுக்கித் தின்றுவிட்டு மணிகளை ஒதுக்கப் பழகிவிடும்.

கேள்வி: தானியம் இல்லாத 'கிரெயின் ஃப்ரீ' உணவு வயிற்றுக்கு இலேசானதா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: இல்லை. நன்றாக வெந்த அரிசியை நாய்கள் நன்றாகவே சீரணிக்கும். தானியத்தை எடுத்த இடத்தில் பெரும்பாலும் பட்டாணியும் பருப்பும் சேர்கின்றன, சில குட்டிகளுக்கு அது வாயுத் தொல்லை. இவ்வகை உணவுகளுக்கும் ஒருவித இதயத்தசை நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2018 ஜூலையில் விசாரணையை அறிவித்தது. உணவுதான் காரணம் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. கூடுதல் விலை கொடுத்து வாங்குவதற்கும் ஒரு காரணம் இல்லை.

கேள்வி: வயிற்றோட்டம் என்றால் எப்போது உணவைத் திருத்திப் பார்ப்பது, எப்போது மிருக வைத்தியரிடம் ஓடுவது? மருந்துக் கடையில் மனிதருக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், வத்தளை

பதில்: மாத்திரையை முதலில் விடுங்கள். மெட்ரோனிடசோல் என்ற கிருமிகொல்லி மருந்து குடலின் நல்ல பக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும். வயிற்றோட்டத்தை அடக்கும் லோபெரமைட், தொற்று இருக்கும்போது கிருமியை உள்ளேயே தேக்கிவைக்கும்.

குட்டி துள்ளி விளையாடி, சாப்பிட்டு, சத்தி எடுக்காமல் இருந்தால் ஒரு நாள் வீட்டில் பார்க்கலாம். குழைய வடித்த வெள்ளைப் பச்சையரிசிச் சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் இல்லாமல் அவித்த கோழி ஒரு பங்கு, சிறுசிறு அளவாக ஐந்தாறு வேளை. சிவப்பரிசி இந்த நேரத்தில் வேண்டாம், நார் கூட. இரண்டு நாளுக்கு மேல் இதையே கொடுக்காதீர்கள், இதில் போதிய கல்சியம் இல்லை. பட்டினி போடவும் கூடாது. சிறிய இனக் குட்டிகளுக்குச் சில மணி நேரத்திலேயே இரத்தச் சீனி விழுந்துவிடும்.

கட்டியாகாமல் கிழமைக் கணக்கில் இழுபட்டால் உணவைவிடப் பூச்சியைச் சந்தேகியுங்கள். பூச்சி மருந்து 2 கிழமை வயதில் தொடங்கி 8 கிழமைவரை இரு கிழமைக்கொருமுறை, பின் 6 மாதம்வரை மாதமொருமுறை கொடுக்கவேண்டியது. சளியும் கெட்ட நாற்றமுமாகப் போனால் ஜியாடியா என்ற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். ஒருமுறை கொடுக்கும் வழக்கமான பூச்சி மாத்திரைக்கு அது அடங்காது, மலப் பரிசோதனை வேண்டும். அதிலும் ஒரு நாள் தப்பி மறுநாள் தெரியும் என்பதால், வெவ்வேறு நாளின் மூன்று மாதிரி கேட்பார்கள்.

சத்தி, இரத்தம், சோர்வு, சாப்பாட்டை மறுத்தல் – இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே போகவேண்டும். தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியென்றால் பார்வோ என்ற தொற்று வைரஸ் நோயை நினைக்காமல் இருக்கமுடியாது. அது மணிக்கணக்கில் உடலை வற்றச் செய்யும். போகுமுன் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், மற்றக் குட்டிகள் இருக்கும் அறையில் காத்திருக்கவேண்டி வராது. புறப்படும்போது உதட்டை உயர்த்தி முரசை விரலால் அழுத்தி விடுங்கள்: வெளிறிய இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்கவேண்டும், பிந்தினால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அன்றைய மலத்தில் ஒரு தேக்கரண்டி அளவை மூடியுள்ள சிறு போத்தலில் கொண்டுபோங்கள். உணவுப் பையின் பின்பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.