பனி உருகியதும் தோட்டத்தில் என்ன செய்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். குளிர்ப்பிரதேசத்தில் சொந்த வீட்டுக்கு வந்தபிறகு எங்களுக்கு இது முதல் வசந்தம். முன்பக்கம் புல்தரை, பின்பக்கம் பூச்செடிகளும் காய்கறிப் பாத்தியும். பனி உருகி ஒரு வாரம் ஆகிறது. புல் மஞ்சளாகவும் அங்கங்கே வெளுத்த திட்டுகளாகவும் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் உரம் போட்டாயிற்று, கிளைகளை வெட்டியாயிற்று. நாங்கள் பிந்திவிட்டோமோ என்று பதற்றமாக இருக்கிறது. இந்த வார இறுதியில் பாத்தியைக் கொத்தி, புல்லுக்கு உரமிட்டு, விதை தூவி, களை மருந்தும் போட்டுவிடலாமா? தக்காளி நாற்றை எப்போது நடலாம்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பிந்தவில்லை. நீங்கள் சொன்ன நான்கு வேலைகளும் தேவையானவைதான், ஆனால் நான்குமே இந்த வாரத்துக்கு வேண்டாம். வசந்தத்தின் முதல் வெயில் எல்லோரையும் மண்வெட்டியோடு வெளியே இழுத்துவிடும். அந்த அவசரத்தில் கெடுவது மண்தான்.

பனி உருகிய தண்ணீர் மேல்மண்ணில் ஊறிக் கிடக்கும், அடிமண் இன்னும் உறைந்திருந்தால் அது வடியவும் வழி கிடையாது. அந்த ஈரத்தில் நடந்தாலே மண்துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றறைகள் நசுங்கி மண் இறுகிவிடும். களிமண் என்றால் கேட்கவே வேண்டாம், கொத்தினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, காய்ந்ததும் செங்கல் போல ஆகிவிடும், அப்புறம் அந்த வருஷம் முழுக்க அந்தப் பாத்தியில் எதுவும் உருப்படியாக வேர் இறக்காது. ஆகவே பதம் பாருங்கள். பாத்தியில் பத்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். உருண்டையாகவே நின்றால் சில நாள் விட்டு மறுபடி பாருங்கள். புல்தரைக்கும் இதேதான், கால் வைத்தால் சொதசொதவென்று அமுங்குகிறது என்றால் அதன்மேல் போகவே வேண்டாம்.

புல் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், குளிருக்கு அது உறங்கிக்கொண்டிருக்கிறது. வெளுத்த திட்டுகள் பெரும்பாலும் பனிக்கு அடியில் வெகுநாள் மூடிக் கிடந்ததால் வந்த பூஞ்சையாக இருக்கும். தரை காய்ந்தபின் அந்த இடங்களில் ஒட்டிக் கிடக்கும் புல்லை ரேக்கால் மெதுவாகக் கோதிவிடுங்கள். காற்றும் வெயிலும் பட்டாலே அநேகமாகத் தேறிவிடும், இதற்குப் பூஞ்சை மருந்து தேவைப்படாது.

உரத்துக்கு வருகிறேன். குளிர்ப்பிரதேசப் புல்வகைகள் வசந்தத்தின் தொடக்கத்தில் வேரைத்தான் முதலில் வளர்க்கப் பார்க்கும். அந்த நேரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) கொட்டினால் இலை சரசரவென்று வளரும், பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும், வேர் பின்தங்கிவிடும், கோடை வெயிலில் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். புல் தானாக வளர ஆரம்பித்து ஒன்றிரண்டு முறை வெட்டியபிறகு உரம் போட்டால் போதும், அதுவும் அளவாக. அதற்குமுன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். கார அமில நிலை (pH) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் புல்லுக்கு நல்லது. பாசி பிடித்திருந்தால் மண் அமிலமாகிவிட்டது என்று எண்ணி, சோதிக்காமலே சுண்ணாம்பு போடுகிறவர்கள் உண்டு, ஆனால் நிழலும் ஈரமும் இறுகிய மண்ணும்கூடப் பாசிக்குக் காரணம்.

உங்கள் கடிதத்தில் நான் கட்டாயம் தடுக்க வேண்டியது, விதையையும் களை மருந்தையும் சேர்த்துப் போடும் எண்ணம். வசந்தத்தில் போடும் களை மருந்துகளில் பல, விதை முளைப்பதையே தடுப்பவை. களையின் விதை எது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விதை எது என்று அவற்றுக்குத் தெரியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். க்ராப்கிராஸ் என்னும் களைதான் உங்கள் தொல்லை என்றால், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் சுமார் 13 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அது முளைக்கத் தொடங்கும், மருந்து அதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர வேண்டும். ஒரு மண் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள், காலண்டரைவிட அது நம்பகமானது. மொட்டைத் திட்டுகளில் இப்போது விதைத்தாலும் முளைக்கும், ஆனால் இளம்புல் வேர் பிடிப்பதற்குள் கோடை வந்துவிடும், அதனால் பெரிய அளவில் விதைப்பதை இலையுதிர் காலத்தின் தொடக்கத்துக்கு ஒத்திவைப்பதே மேல். வெட்டும்போது ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், ஏழெட்டு சென்டிமீட்டர் நிற்கட்டும். அடர்ந்த புல்லின் நிழலில் களைவிதைகள் அவ்வளவு எளிதில் முளைப்பதில்லை.

பூச்செடிகளில் போன வருஷத்துக் காய்ந்த தண்டுகளை உடனே வாரிக் கொட்டிவிட வேண்டாம். உள்ளே துளையுள்ள தண்டுகளிலும் சருகுக்கு அடியிலும் தனித்து வாழும் தேனீக்களும் வேறு பூச்சிகளும் குளிரைக் கழித்துக்கொண்டிருக்கும். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிற்கும்வரை பொறுங்கள். உங்கள் காய்ப்புக்கு மகரந்தம் சுமக்கப்போவது அவைதான். கவாத்திலும், அதாவது கிளை வெட்டுவதிலும், பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்யாதீர்கள். லைலாக், ஃபோர்சித்தியா போன்ற வசந்தத்தில் பூப்பவை போன வருஷமே மொட்டு கட்டி வைத்திருக்கும், இப்போது வெட்டினால் இந்த வருஷப் பூவையே வெட்டுகிறீர்கள், பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். புதுக்கிளையில் பூக்கும் கோடைச் செடிகளை இப்போது வெட்டலாம். ஒடிந்த, பட்டுப்போன கிளைகளை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

சும்மா இருக்க முடியவில்லை என்றால் இந்த வார இறுதியில் புல்வெட்டும் எந்திரத்தின் பிளேடைச் சாணை பிடியுங்கள், மழுங்கிய பிளேடு புல்லின் நுனியைக் கிழித்துவிடும். தக்காளி விதையை வீட்டுக்குள் தட்டுகளில் போடுங்கள். பாத்தி பதத்துக்கு வந்ததும் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கம்போஸ்ட் பரப்பி, பட்டாணியும் ஸ்பினாச் கீரையும் விதைத்துவிடலாம், அவை குளிரைத் தாங்கும். மண்ணை வைக்கோல், சருகு கொண்டு மூடும் மூடாக்கு மட்டும் இப்போது வேண்டாம், குளிர்ந்த மண்ணை அது மேலும் குளிராகவே வைத்திருக்கும்.

தக்காளி நாற்றுக்கு உங்கள் பகுதியின் கடைசி உறைபனித் தேதி தாண்டியாக வேண்டும், மண்ணும் 15 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பிருந்தே நாற்றை வெளியே வைத்துப் பழக்குங்கள், முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும். தேதி தாண்டிவிட்டது என்று நம்பி நட்ட பிறகும் இரவில் போர்த்த ஒரு பழைய துணியைக் கைவசம் வைத்திருங்கள்.