சிங்கப்பூரில் தூண்டில் போட உரிமம் வாங்க வேண்டுமா?

கேள்வி இது: "வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்து மூன்று மாதம் ஆகிறது. ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்க ஆசை. உரிமம் வேண்டும் என்கிறார்கள். விடுதியில் ஒருவர் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் தம்பி. சிங்கப்பூரில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவருக்கு உரிமம் என்று ஒன்று கிடையாது. குடிமக்களுக்கும் இல்லை, நிரந்தரவாசிகளுக்கும் இல்லை, நம்மைப் போல் வேலைக்கு வந்தவர்களுக்கும் இல்லை. இல்லாத ஒன்றை அவர் எங்கே போய் வாங்குவார்? உங்களிடம் கேட்டவர் இன்னும் நாலு பேரிடம் கேட்டிருப்பார். அவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் உரிமம் வேண்டாம் என்றதும் நம் ஆட்கள் தண்ணீர் தெரிகிற இடத்திலெல்லாம் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் கண்மாயில் குத்தகைக்காரர் பார்த்தால் சத்தம் போடுவார், கடலில் கேட்க ஆளில்லை. இங்கே ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. நீர்த்தேக்கங்களும் கால்வாய்களும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கையில். கடலோரப் பூங்காக்களும் அவற்றின் படகுத்துறைகளும் தேசியப் பூங்காக் கழகத்தின் கையில். இருவருமே இன்ன இடத்தில் பிடிக்கலாம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள், அவரவர் இணையத்தளத்தில் பட்டியலும் இருக்கிறது. பட்டியலில் உள்ள இடமே சில வேளை பழுதுபார்ப்புக்கு மூடிக் கிடக்கும். அதனால் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீர்த்தேக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே தப்பு செய்த இடம் இது.

நான் வேதாரண்யம் பக்கம். 2008-ல் இங்கே வந்தேன், ஈசூனில் தங்கியிருந்தேன். பக்கத்திலேயே லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கம். மீன் பிடிக்க அனுமதியுள்ள இடம்தான், பலகையில் தூண்டில் படமும் போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, மழைக்குப் பிறகு புல்வெளி ஓரத்தில் மண்புழு தோண்டி, ஒரு மைலோ டப்பாவில் மண்ணோடு போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். முள்ளில் புழுவைக் கோத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். புழு கூடாது, உயிருள்ள எதுவுமே கூடாது என்று சைகையிலும் அரைகுறை மலாயிலும் சொன்னார். பலகைக்கு அழைத்துப்போய், நான் படிக்காமல் விட்ட வரியை விரலால் தொட்டுக் காட்டினார். செயற்கை இரை மட்டும்தான். அதிகாரி யாராவது முதலில் பார்த்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அப்புறம் தன் பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு ரப்பர் தவளையைக் கொடுத்தார். இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது. கட்டைவிரல் அளவு, உள்ளே வெற்றிடம். இரண்டு முள்ளும் மேல் நோக்கி வளைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கும். தாமரை இலை மேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வி அமுக்கும்போதுதான் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். கரையோரப் புல்லுக்குப் பக்கத்தில் எறிந்து, இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு இழுப்பு என்று கொண்டுவர வேண்டும். தண்ணீர் வெடித்த மாதிரி சத்தம் கேட்கும். உடனே வெட்டி இழுக்காதீர்கள், மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுங்கள். அடித்தது பெரும்பாலும் தோமானாக இருக்கும். நம் ஊர் விரால் வகைதான், ஆனால் அளவில் பெரிது.

விரால் பார்ப்பைக் காப்பதை ஊரில் பார்த்திருப்பீர்கள். தோமானும் அப்படித்தான். நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால் கீழே தாயும் தகப்பனும் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து வரும், பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். சட்டம் என்ன சொல்கிறது என்று நான் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்தின் மேல் தூண்டில் போட எனக்கு மனம் வராது. நீங்களும் போடாதீர்கள்.

உயிர் இரை ஏன் கூடாது என்று கேட்கலாம். அந்தத் தண்ணீர்தான் சுத்திகரித்து நம் குழாயில் வருகிறது. ஆறே இல்லாத மாதிரி குட்டித் தீவு இது. 17 நீர்த்தேக்கங்களைக் கட்டி, தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழையைப் பிடித்து வைக்கிறார்கள். அதில் புழு, இறால், ரொட்டி, மாவு உருண்டை என்று ஆளாளுக்குக் கொட்டினால் என்ன ஆகும்? உயிர் இரையோடு வேற்று மீன் குஞ்சும் நத்தையும் உள்ளே போய்விடும் ஆபத்தும் உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த பீகாக் பாஸ் என்ற மீன் இப்போது இங்கே நீர்த்தேக்கங்களில் சர்வ சாதாரணம். அது தானாக நீந்தி வந்ததல்ல, மனிதர் கொண்டுவந்து விட்டது. அதனால் ஓரிடத்தில் பிடித்த மீனை இன்னோரிடத்தில் விடாதீர்கள். விசாக நாள் வந்தால் புண்ணியத்துக்கு என்று கடையில் வாங்கிய மீனையும் ஆமையையும் நீரில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் கூடாது.

குறிக்கப்படாத இடத்தில் நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ மீன் பிடித்தால் 3,000 வெள்ளி வரை அபராதம். பூங்காவில் குறிக்கப்படாத இடமென்றால் 5,000 வரை. இயற்கை வனப்பகுதி என்றால் 50,000 வெள்ளி வரையும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு வனம், சுங்கை பூலோ, லாப்ரடார் ஆகிய நான்கும் அந்த வகை. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, விடுதிக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் திலாப்பியா கூட்டம் கூட்டமாக நிற்பதைப் பார்த்து ஒரு மாலை தூண்டில் போட்டான். பலகையே இல்லை என்றான். தடுக்கும் பலகை இல்லாததை அவன் அனுமதியாக எடுத்துக்கொண்டான். அனுமதிக்கும் பலகை இருந்தால்தான் அனுமதி. அபராதக் கடிதம் வந்த மாதம் அவன் வீட்டுக்குப் பணம் அனுப்பவில்லை. அவன் தங்கைக்கு அப்போது கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அவன்தான் காரணம்.

கடல் பக்கம் வந்தால் மூச்சு விடலாம். பாசிர் ரிஸ், செம்பவாங், ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி என்று அனுமதியுள்ள இடங்கள் நிறைய. இங்கே இறால், கணவாய், மீன் துண்டு என்று எந்த இரையும் போடலாம். பிடோக் படகுத்துறை 250 மீட்டர் நீளம், அதன் கோடியில் நின்றால் கப்பல் வரிசைக்கு நடுவில் நிற்பது போல இருக்கும். நம் ஊர்க் கடலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே அலை கிடையாது, நீரோட்டம்தான் கணக்கு. நீர் ஏறும்போது நான்கு மணி நேரத்தில் கிடைக்கிற மீன், நீர் நிற்கும்போது எவ்வளவு நேரம் நின்றாலும் கிடைக்காது. ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடலில் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய மீன் செம்பிலாங். மலாய்ப் பெயர், நம் கெளிறு மாதிரி மீசை இருக்கும், வால் மட்டும் விலாங்கு போலக் கூராக முடியும். முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று முட்கள். மூன்றிலும் விஷம். கையால் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றப் பார்க்காதீர்கள், ஊரில் கெளிறு பிடித்த தைரியம் இங்கே உதவாது. குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், வரவில்லையென்றால் தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் நூலை, வெட்டிவிடுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள், வலி குறையும். கொதிநீர் ஊற்றிப் பொக்களமாக்கிக் கொள்ளாதீர்கள். அப்புறம் நேரே மருத்துவரிடம் போங்கள். நான் எப்போதும் ஃபிளாஸ்க்கில் சுடுநீர் எடுத்துப் போவேன். தேத்தண்ணீருக்கும் ஆகும்.

வீச்சு வலையை ஊரிலிருந்து கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வலைக்கும் கூண்டுக்கும் வேறு சட்டம், வேறு உரிமம், அது தொழில் செய்கிறவர் விஷயம். தூண்டிலோடு நில்லுங்கள். மண்டாய் சேற்று நிலத்தில் யாரோ விட்டுப் போன வலைகளில் குதிரைலாட நண்டுகள் சிக்கிக் கிடக்கும். இயற்கைச் சங்கத் தொண்டூழியர்கள் சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவார்கள். அறுந்த தங்கூசியும் அதே வேலையைத்தான் செய்யும், நீர்நாயின் கழுத்திலோ உடும்பின் காலிலோ இறுகிக்கொள்ளும். அறுந்ததைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். தரையில் போட்டால் அது குப்பை போட்ட குற்றமும் ஆகும், முதல் தடவைக்கே 2,000 வெள்ளி வரை.

இரவு மீன்பிடிப்புக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மீனால் இல்லை. இரவு பத்தரையிலிருந்து காலை ஏழு வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது, 2015 முதல் சட்டம். 2022 ஜூலை 1 முதல் பூங்காக்களில் புகையும் கூடாது. கூடாரம் அடிக்கத் தனி அனுமதி வேண்டும். நண்பர்களோடு போகும்போது இதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

இடி விஷயத்தில் மட்டும் என் பேச்சைத் தட்டாதீர்கள். ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடிமழை பெய்கிற ஊர் இது. நீங்கள் கையில் பிடித்திருக்கும் கார்பன் கோல் மின்சாரம் பாயும் பொருள். விடிகாலையில் மேற்கே அல்லது தென்மேற்கே வானம் ஒரு கோடு போட்ட மாதிரி கறுத்து, குளிர்காற்று திடீரென்று அடித்தால் அது சுமத்ராக் காற்று. மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கோலைப் படுக்க வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

படகு, இறால் குளம் பற்றியும் கேட்பார்கள். விசைப்படகை நீங்களே ஓட்ட அதற்கான ஓட்டுநர் உரிமம் வேண்டும், வாடகைப் படகில் ஏறினால் ஓட்டுகிறவர் பொறுப்பு. இறால் குளத்தில் மணிக்கணக்குக்குக் காசு. சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றி கடல்சார் பூங்கா, 2014-ல் அறிவித்தது. அங்கே மீன் பிடிக்கக் கூடாது.

ஒரு நடுத்தரக் கோலும் ரீலும் முதல் வருடத்துக்குப் போதும். அந்த விடுதிக்காரரிடம் கொடுக்க இருந்த பணத்தில் தொடங்கிவிடலாம். பழைய கோலை விற்கிறவர்களும் உண்டு. வாங்கும்போது வளையங்களுக்குள் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் வளையத்தில் வெடிப்பு இருக்கிறது, தங்கூசியை அறுத்துவிடும்.

எந்த விடுதி என்று நீங்கள் எழுதவில்லை. வடக்கே என்றால் செம்பவாங், கிழக்கே என்றால் பாசிர் ரிஸ், அங்கிருந்து ஆரம்பியுங்கள். போகிற இடத்தில் உள்ள பலகை புரியவில்லையென்றால் படம் எடுத்துக் கீழே கருத்தில் போடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பார்த்துப் பதில் போடுகிறேன். பதில் வரும் வரை தூண்டிலைப் பிரிக்காதீர்கள்.