"ரத்தம் எடுக்குற லேபா சார்?"

அண்ணே, போன்ல நீங்க கேட்ட முதல் கேள்விக்கே வர்றேன். ரத்தம் எடுக்குறது டி.எம்.எல்.டி, அதாவது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படிச்சவங்க வேலை. மரியாதையான வேலைதான், சம்பளமும் சீக்கிரம் கைக்கு வரும். உங்க பொண்ணு படிக்கக் கேக்குறது வேற, நோய் எதிர்ப்பு ஆராய்ச்சி: கிருமியை விழுங்கின செல் அதைத் துண்டு துண்டாக்கி, கிருமியை எதிர்க்குற டி செல்லுக்கு எப்படிக் காட்டுதுங்கிறது.

முட்டை வெள்ளைக்கருவுல ஓவால்புமின்னு ஒரு புரதம் இருக்கு. அது மேல ஒளிரும் சாயத்தை நெருக்கி ஒட்டுவாங்க. நெருக்கத்துல ஒண்ணோட ஒளியை இன்னொண்ணு அமுக்கிடும். டென்ட்ரிடிக் செல், அதான் அந்த விழுங்கிக் காட்டுற செல், அதை விழுங்கி, உள்ளே நொதி வெட்டினதும், சாயம் பிரிஞ்சு பச்சையா ஒளிரும். அதோட முடியாது. அதே செல்லை 4 டிகிரியில, ஐஸ்ல வச்சு இன்னொரு குழாய் ஓட்டணும். குளிர்ல விழுங்குறதும் வெட்டுறதும் நின்னுடும், அதனால அங்கே ஒளிரக் கூடாது. வெட்டின துண்டு செல்லோட வெளிப்பரப்புல வந்து நிக்குதான்னு பார்க்க டி செல்லைச் சேர்க்கணும். எனக்குப் பிடிச்சது அடுத்ததுதான்: ஃபார்மால்டிஹைடு போட்டு செல்லை முன்னாடியே செயலிழக்க வச்சுட்டு முழுப் புரதம் கொடுத்தா டி செல் கண்டுக்காது. அதே புரதத்தோட 8 அமினோ அமிலம் (புரதச் சங்கிலியோட கண்ணி) உள்ள துண்டைத் தயாரா கொடுத்தா உடனே கண்டுக்கும். அப்போ வெட்டுற வேலை உள்ளேதான் நடக்குதுன்னு சந்தேகமில்லாம தெரியும்.

ஒரு பதிலுக்கு இப்படி நாலு குழாய், அதையும் மூணு தடவை. தறியில அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுற பொறுமை உங்க வீட்டுல இருக்கு. அது அவகிட்ட இருக்கான்னுதான் நான் பார்ப்பேன், மார்க்கை இல்ல.

பணம்? எம்.எஸ்சி முடிக்கிற வரை பெரும்பாலும் உங்க செலவுதான். எம்.எஸ்சியில சேர ஜாம், கேட்-பி (GAT-B) ரெண்டு நுழைவுத் தேர்வும் எழுதட்டும். அப்புறம் நெட் தேர்வுல ஜே.ஆர்.எஃப்-ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபாய். பிஎச்.டிக்கு அஞ்சு வருஷமாவது ஆகும், கல்யாணப் பேச்சை அதுக்குள்ள இழுக்காதீங்க. நடுவுல விட்டாலும், செல்லை ஒவ்வொண்ணா ஓடவிட்டு அதோட ஒளியை அளக்குற ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷினை ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு ரத்தப் புற்றுநோய் பார்க்குற ஆஸ்பத்திரி லேப்ல வேலை இருக்கு.

ஆராய்ச்சின்னா ரொம்ப தூரம் அனுப்பணுமோன்னும் பயப்பட வேணாம். குழந்தைகளுக்கு வர்ற ரோட்டா வைரஸ் வயித்துப்போக்குக்கான ரோட்டாவாக் தடுப்பூசியோட மூணாம் கட்டப் பரிசோதனை டெல்லி, புனேயோட நம்ம வேலூர்லயும்தான் நடந்துச்சு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிப் பக்கம் கோடை லீவுல ரெண்டு மாச புராஜெக்ட் கேட்டு அவளே லெட்டர் எழுதட்டும். பணம் வாங்கிட்டு சர்டிஃபிகேட் மட்டும் கொடுக்குற கோர்ஸ்ல சேர்த்துடாதீங்க.

ஞாயித்துக்கிழமை குடியாத்தத்துல இருந்து அவளையும் கூட்டிட்டு காட்பாடிக்கு வாங்க. ஃபேர் ரெக்கார்டு வேணாம், தப்பா வந்த ரீடிங் எல்லாம் அடிச்சு எழுதின ரஃப் நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்க.