நாலு ஆனை ஒன்றாகச் சறுக்கினால்

கேள்வி: 2002 குளிர்கால ஒலிம்பிக் பனிச்சறுக்கில் முன்னால் போன நாலு பேரும் விழ, கடைசியாக வந்த ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி தங்கம் வாங்கினாரே, அவரையெல்லாம் சாம்பியன் என்று சொல்லலாமா?
- ரா. மு., திருநெல்வேலி

பதில்: முதலில் அந்தப் ‘பனிச்சறுக்கு’க்கு ஒரு வழி பண்ணுவோம். இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் மாரடிக்கிறேன். காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினாலும் பனிச்சறுக்கு, கத்தி பதித்த பூட்ஸோடு உறைந்த தளத்தில் ஓடினாலும் பனிச்சறுக்கு. மல்லாந்து படுத்துக் கால் முன்னே போக வழுக்குவது லூஜ். குப்புறப் படுத்துத் தலையை முன்னே கொடுப்பது ஸ்கெலிட்டன். நமக்கு இரண்டும் ஒன்றுதான். கர்லிங்கில் கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் ஓடி ஓடித் தரையைத் தேய்க்கிறார்கள். நல்லவேளை, அதற்கு யாரும் இன்னும் ‘பனிப்பெருக்கு’ என்று பெயர் வைக்கவில்லை. நான் ஸ்கேட்டிங் என்று எழுதினால் எங்கள் பிழைதிருத்துநர் அதையும் பனிச்சறுக்கு ஆக்கிவிடுவார். தமிழ்ப்பற்றாம். இருக்கட்டும், காலுக்கடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பிராட்பரி ஓடியது ஐஸில்.

அவர் ஓடிய ‘ஷார்ட் டிராக்’ ஸ்கேட்டிங் பந்தயத்தின் வளையம் 111 மீட்டர்தான். அதில் ஐந்து பேர் தோள் உரசிக்கொண்டு பறந்தால், ஒருவர் சரியும்போது பக்கத்தில் இருப்பவரையும் வாரிக்கொண்டுதான் போவார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்போம். சால்ட் லேக் சிட்டியில் கடைசி வளைவில் நாலு ஆனை ஒன்றாகச் சறுக்கின. பின்னால் தனியாக வந்தவர் நின்ற வாக்கில் கோட்டைத் தாண்டினார். அரையிறுதியிலும் இதே கதைதான். வேகத்தில் இவர்களைப் பிடிக்க முடியாது, ஒதுங்கியே வருவோம் என்பது அவர் போட்ட கணக்கு. அதே மனிதருக்கு 1994-இல் இன்னொருவரின் ஸ்கேட் கத்தி தொடையைக் கிழித்து 111 தையல். மீட்டருக்கு ஒன்று! 2000-இல் கழுத்து முறிந்தது. அப்புறமும் வந்து நின்றார். சாம்பியன்தான் ஐயா.

கணக்கு என்றதும் ஆண்டர்ஸ் ஹாகன் நினைவுக்கு வருகிறார். 1924-இல் ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில், ஸ்கீ தாண்டுதலில் இந்த அமெரிக்கருக்கு நாலாமிடம். வெண்கலம் நார்வேயின் தோர்லெய்ஃப் ஹாகுக்கு. அவரிடம் ஏற்கெனவே மூன்று தங்கம் இருந்தது. புள்ளிகளைக் கூட்டியதில் பிழை என்று கண்டுபிடித்தது 1974-இல்! ஹாக் செத்தே நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மகள், ஓஸ்லோவில், 85 வயது ஹாகனின் கையில் அப்பாவின் பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார்.

போன இதழில் உங்களை ‘மு. ரா.’ என்று அச்சிட்டதற்குத் திருத்தம் எங்கே என்று தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறீர்கள். ஷாமொனி கணக்குப்படி எங்களுக்கு இன்னும் நாற்பத்தொன்பது வருஷம், சொச்சம் மாதம் இருக்கிறது.