பீரோ நிறையப் பழைய துணி

கேள்வி: பீரோவைத் திறந்தாலே துணி மேலே விழுகிறது. போட்டுக்கொள்ளாத சுடிதார், பேண்ட், புடவை எல்லாம் சேர்த்து இரண்டு மூட்டை தேறும். போகிக்குக் கொளுத்திவிடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: தயவுசெய்து கொளுத்தாதீர்கள். இப்போது வரும் சுடிதார்களில் நிறைய பாலியஸ்டர்தான், அதுவும் ஒருவகை பிளாஸ்டிக், அந்தப் புகை உங்கள் தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகும்.

முதலில் பருத்தியைத் தனியாகப் பிரியுங்கள். தூளி கட்ட நைந்த பருத்திப் புடவையைவிட இதமான துணி கிடையாது. எங்கள் அப்பாவின் குடியாத்தம் லுங்கி ஒன்று, வருஷக்கணக்கில் உடுத்தி, அப்புறம் தலையணை உறையாகி, இப்போது நடுவில் ஓட்டையோடு அடுப்படியில் கரித்துணியாகக் கிடக்கிறது, கட்டம் மட்டும் இன்னும் தெரிகிறது.

நல்ல துணி என்றால் துவைத்து, பட்டன் தைத்து, நாடா கோத்துக் கொடுங்கள். கிழிசலை அடுத்தவர் கையில் திணிப்பது தானம் ஆகாது. கிழிந்த பனியனை மெக்கானிக் கடையில் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார்கள்.

சரி, மறுசுழற்சி? பழைய கம்பளியைப் பிரித்து நூலாக்கிப் போர்வை நெய்வதற்கு ஹரியானாவின் பானிபட் பேர்போன ஊர். ஆனால் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு, அதனால் அதை நம்பி வாங்கிக் குவிக்காதீர்கள். ஒரு பருத்தி டீ-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடுகிறார்கள், பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது சின்ன விஷயமில்லை.

அந்த பேண்ட் இடுப்பு இறுக்கம்தானே? தெரு டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துவிடச் சொல்லுங்கள், பெரும்பாலும் பின்தையலில் ஓர் அங்குலமாவது விட்டிருப்பார்கள்.