வாசகர் கேள்விகள்: "மற்றும் பலர்" என்று ஒரு வழக்கு

கேள்வி: போராடுகிறவர்கள்மீது வழக்குப் பதிந்தாலே அதை அடக்குமுறை என்கிறார்கள். சட்டம் ஒழுங்கு நடவடிக்கைக்கும் அடக்குமுறைக்கும் உள்ள வேறுபாட்டை எப்படித்தான் அறிவது?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: எல்லா வழக்குகளையும் அடக்குமுறை என்று சொல்வதை நானும் ஏற்பதில்லை. கல்லெறிந்தவர்மீது வழக்குப் பதிவது காவல்துறையின் கடமை. ஆனால், ஒரு வழக்கு குற்றம் செய்தவரைத் தேடுகிறதா, கூடி நின்ற ஊரையே பிடித்துவைக்கப் பார்க்கிறதா என்பது பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையிலேயே தெரிந்துவிடும். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக 2011 முதல் இடிந்தகரையில் நடந்த போராட்டத்தின்போது பதியப்பட்ட அறிக்கைகளில், சிலருடைய பெயர்களை எழுதிவிட்டு, அவற்றோடு "மற்றும் பலர்" என்று ஆயிரக்கணக்கில் ஓர் எண்ணையும் சேர்த்திருந்தார்கள். அந்த எண்ணுக்குள் நாளை யாரை வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்பதால், பெயர் இல்லாதவரும் பெயர் உள்ளவரைப் போலவே அஞ்சி நடக்க வேண்டியிருந்தது.

அடுத்து, எந்தச் சட்டப்பிரிவு என்று பாருங்கள். வன்முறையைத் தூண்டுவது அல்லது பொது ஒழுங்கைக் குலைக்க முனைவது இருந்தால்தான் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவின்படி தேசத்துரோகக் குற்றம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில் 1962இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாதா கோவில் முன்பு பந்தலில் அமர்ந்து, பிழைப்பையும் விட முடியாமல் பீடி சுற்றிக்கொண்டே போராடிய பெண்களின் ஊரில்தான் ஆயிரக்கணக்கானோர்மீது அந்தப் பிரிவு பாய்ந்தது. 2012 மார்ச்சில் மாநில அமைச்சரவை அணு உலைக்கு ஒப்புதல் அளித்ததையொட்டி 144 தடை உத்தரவு போடப்பட்டபோது, இடிந்தகரைக்குப் பேருந்தும் பாலும் தண்ணீரும் வருவது தடைப்பட்டது. பால் குடிக்கும் குழந்தை எந்தச் சட்டத்தை மீறியது என்று அன்று யாரும் விளக்கவில்லை.

ஊர்மக்கள் இதை எதிர்கொண்ட விதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பண விஷயம்தான். போராட்டத்தின் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே 2012 பிப்ரவரியில் கூறியிருந்தார். மீனவர்கள் தங்கள் மீன்பிடி வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிப் போராட்டச் செலவைப் பார்த்துக்கொண்டதால், அந்தப் பழிக்கு அவர்களால் ஊர் அறியப் பதில் சொல்ல முடிந்தது. 2013 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அணுமின் நிலையம் இயங்கத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. ஆயினும், போராடியவர்கள்மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் கூறியது. அணு உலையை ஆதரிப்பவர்களும் அந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும்.

கேள்வி: என் தம்பி மறியலில் கலந்துகொண்டதால் அவன்மீது வழக்கு இருக்கிறது. இனி அவனுக்கு பாஸ்போர்ட் கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: முழு உண்மை அன்று. முதல் தகவல் அறிக்கை பதிவாகி விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே பாஸ்போர்ட்டை மறுப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்துக்கொண்டால்தான் அது நிலுவையிலுள்ள குற்ற வழக்கு என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தாலும், அந்த நீதிமன்றத்தில் அனுமதி பெற்று விண்ணப்பிக்கலாம். முதலில் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அதில் தடை உத்தரவை மீறியதற்கான, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தப் பிரிவில் காவல்துறை தானே முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது.

கேள்வி: எங்கள் இயக்கத்துக்குள் உளவாளி இருக்கிறார் என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், மதுரை)

பதில்: கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள் என்பேன். 1971 மார்ச் 8ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மீடியா என்ற சிற்றூரிலிருந்த, அந்நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அலுவலகத்துக்குள் புகுந்த சிலர் அங்கிருந்த ஆவணங்களை எடுத்துச் சென்று பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். போர் எதிர்ப்பாளர்களை அடிக்கடி சந்தித்து விசாரியுங்கள், ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் நம் ஆள் நிற்கிறான் என்று அவர்கள் நினைக்கட்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பு அவற்றில் இருந்தது. அதாவது, போராடுகிறவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிப்பதைத்தான் எஃப்.பி.ஐ. விரும்பியது. அதற்கு உளவாளி உண்மையில் இருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

உண்மையில் இருந்த இடத்திலும் சந்தேகம் உதவவில்லை. 1969 டிசம்பர் 4ஆம் தேதி சிகாகோவில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட, கறுப்பின உரிமை இயக்கமான கருஞ்சிறுத்தைகளின் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனுடைய வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.யிடம் கொடுத்த வில்லியம் ஓநீல், அந்த இயக்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர். உளவாளியைக் கண்டுபிடிக்க ஒருவரை நியமித்தால், அந்த நியமனமே தவறானவர் கைக்குப் போகக்கூடும். முடிவுகளைக் கூட்டத்தில் எடுங்கள், கணக்கை எல்லோருக்கும் காட்டுங்கள், வன்முறைக்கு யார் யோசனை சொன்னாலும் அவர் யார் என்று ஆராயாமல் அந்த யோசனையை நிராகரித்து நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவையுங்கள்.