சினிமா மக்களுக்கு வேண்டுமா, மகளுக்குச் சோறு போடுமா: நயினார்குளத்துத் தந்தை ஒருவருக்கு மறுமொழி

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

+2 முடித்ததும் எடிட்டிங் எனப்படும் படத்தொகுப்புதான் படிப்பேன் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதாகவும், "தியேட்டருக்கே ஆள் வராத காலத்தில் சினிமாப் படிப்பு எதற்கு, சாதாரண ஜனங்களுக்கு இப்போது சினிமா ஒரு பொருட்டா" என்று நீங்கள் கேட்டதற்கு அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. சினிமா மக்களுக்கு இன்னும் வேண்டியிருக்கிறதா என்பது ஒன்று; அதை நம்பி ஒரு பெண் மாதச் சம்பளம் வாங்க முடியுமா என்பது வேறொன்று. முதலாவதற்கு ஆம் என்று விடை வந்தாலும் இரண்டாவதற்கு அதே விடை தானாக வந்துவிடாது. வீட்டில் நீங்கள் முதல் கேள்வியைப் பேச, அவள் இரண்டாவதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தியேட்டர்க் கூட்டம் குறைந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஓர்மாக்ஸ் மீடியா என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியா முழுவதும் 2023-ல் 94.3 கோடி டிக்கெட்டுகள் விற்றன. 2024-ல் அது 88.3 கோடியாக இறங்கியது. 2023-ல் ஒரு முறையாவது தியேட்டருக்குப் போனவர்கள் 15.7 கோடிப் பேர் என்றும் அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதாவது ஒன்பது பேரில் ஒருவர்தான் தியேட்டர் வாசலை மிதித்திருக்கிறார்; மிதித்தவரோ சராசரியாக ஆண்டுக்கு ஆறு முறை போயிருக்கிறார். பழக்கம் உள்ளவர்கள் விடவில்லை, மற்றவர்கள் வரவில்லை என்பதே இதன் பொருள். காரணமும் ஒன்றும் மர்மமில்லை. நகரத்து மல்டிபிளெக்ஸில் டிக்கெட் 190 ரூபாய் அளவில் இருக்கும்போது, நான்கு பேர் உள்ள குடும்பம் வண்டி நிறுத்தும் கட்டணம், பாப்கார்ன் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அதே படம் பெரும்பாலும் நான்கு வாரங்களில் ஓ.டி.டி.யில் வந்துவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய தியேட்டர்கள் நம் மாநிலத்தில் நவம்பரில்தான் திறந்தன. இடைப்பட்ட மாதங்களில் காத்திருந்து வீட்டில் பார்க்கும் பழக்கம் பலருக்கு ஊறிவிட்டது.

ஆனால் தியேட்டர் வேறு, சினிமா வேறு. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் அம்பாசமுத்திரம் வரும்வரை சினிமாப் பாட்டுத்தான். கல்யாண வீட்டில் மணமக்கள் மண்டபத்துக்குள் நுழைவதும், பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடுவதும், கோயில் கொடை விழாவுக்கு முந்தின நாள் காலையிலிருந்தே மைக் செட்டுக்காரர் போடுவதும் அதுதான். 1977-ல் எம்.ஜி.ஆரை முதலமைச்சராக்கிய மாநிலத்தில், 2024 பிப்ரவரியில் இன்னொரு முன்னணி நடிகர் கட்சி தொடங்கியபோது டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2018-ல் வெளிவந்த "பரியேறும் பெருமாள்" நம் ஊர்ச் சட்டக் கல்லூரியையும் நம் ஊர்ப் பேச்சையும் திரையில் வைத்து, சாதியைப் பற்றி நாம் வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசுவதை ஊரறியப் பேசவைத்தது. அதன் இயக்குநர் மாரி செல்வராஜ் இங்கே சட்டம் படிக்க வந்தவர். பிறகு பல ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்த பின்னரே சொந்தப் படம் எடுத்தவர். பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரு படத்தைப் பற்றி இவ்வளவு வாதாடும் இடத்தில், சினிமா மக்களுக்குப் பொருட்டில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். நயினார்குளம் மார்க்கெட்டில் இத்தனை ஆண்டுகள் மண்டி நடத்தும் உங்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். ஊரில் தக்காளி இல்லாமல் ஒரு வேளைச் சமையலும் நடப்பதில்லை. ஆனாலும் வரத்து கூடிய நாளில் கூடையைத் தூக்கிவந்த சம்சாரிக்கு வண்டி வாடகைகூடத் தேறுவதில்லை. தேவை எவ்வளவு என்பது விலையைச் சொல்லிவிடாது. எத்தனை பேர் அதே சரக்கைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், நடுவில் யார் யார் கை வைக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் விலை. தமிழில் ஆண்டுக்கு 200-க்கு மேல் படங்கள் வருகின்றன. அவற்றில் போட்ட பணத்தை எடுப்பவை மிகச் சில. பணம் பெரிய நடிகர்களின் சில படங்களில் குவிகிறது. மீதிப் படங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பேட்டா வரும், சம்பளப் பாக்கி நிற்கும், சில நேரம் நின்றுகொண்டே இருக்கும். சினிமாவில் சேர விரும்பும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் கனவை மட்டும் வளர்த்துவிடுவது என்னைப் போன்ற படிப்பு ஆலோசகர் செய்யக்கூடிய வேலை அல்ல.

நம் ஊர்க்காரர் ஒருவரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்த புதுமைப்பித்தன், தமிழ்ச் சிறுகதையில் அவரைத் தாண்டிப் போக இன்றும் ஆட்கள் திணறும் அளவுக்கு எழுதியவர், கடைசிக் காலத்தில் சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். சொந்தமாகப் படக் கம்பெனியும் தொடங்கிப் பார்த்தார், படம் எழவில்லை. பட வேலைக்காகப் புனே போன இடத்தில் நோய் முற்றித் திரும்பி, 1948-ல் 42 வயதில் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்துபோனார். திறமை குறைவு என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். வேறு வருமானம் கையில் இல்லாமல் அந்தத் தொழிலுக்குள் இறங்கியதுதான் அவரை அழுத்தியது என்பது என் கருத்து.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வேண்டாம் என்றுதானே சொல்கிறீர்கள்" என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. உங்கள் மகள் நடிக்கப் போகிறேன் என்றோ படம் இயக்கப் போகிறேன் என்றோ சொல்லவில்லை, படத்தொகுப்பு என்கிறாள். இரண்டுக்கும் மலையளவு வேறுபாடு இருக்கிறது. படத்தொகுப்பு கைத்தொழில், சினிமா இல்லாத இடத்திலும் அதற்கு வேலை உண்டு.

தொழில்நுட்பம் மாறும்போது எது சாகிறது, எது பிழைக்கிறது என்பதைத் தியேட்டர் ஆபரேட்டரை வைத்தே பார்க்கலாம். ஒரு காலத்தில் படப்பெட்டி ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து சேரும். பதினான்கு, பதினைந்து ரீல்கள். இரண்டு புரொஜெக்டர்களுக்கு இடையே, திரையின் மூலையில் புள்ளி தெரியும் நொடியில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட வேண்டும். அறுந்த படத்தைச் சுரண்டிப் பசை தடவி ஒட்ட வேண்டும். அந்தக் கைப்பழக்கம் வர வருடங்கள் ஆகும். டிஜிட்டல் வந்ததும் அந்தத் திறமைக்கு வேறு எங்குமே இடமில்லாமல் போயிற்று. ஆனால் அதே காலத்தில் கையால் பிலிம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த எடிட்டர்களில் கணினிக்கு மாறியவர்கள் பிழைத்தார்கள். எந்த இடத்தில் வெட்டினால் பார்க்கிறவர் மனம் நிற்கும் என்ற அறிவு மெஷினோடு போய்விடவில்லை என்பதுதான் காரணம். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து, டப்பிங், சப்டைட்டில், வி.எஃப்.எக்ஸ் என்ற கணினிக் காட்சி வேலையில் உருவத்தைச் சுற்றி வரைந்து பிரிக்கும் ரோட்டோ போன்ற வேலைகளைத் தின்னத் தொடங்கியிருக்கிறது. ஆகவே மென்பொருளை மட்டும் கற்றுத் தரும் ஆறு மாதக் கோர்ஸில் அவளைச் சேர்க்க வேண்டாம். கதை சொல்லவும் ஒலியைக் கேட்கவும் பழக்கும் படிப்பாகப் பார்க்க வேண்டும்.

சென்னைக்குப் போகாமலே இந்த வேலையைப் பார்க்க முடியும் என்பதற்கு நம் பக்கத்துக் கொடை விழாவே சாட்சி. நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்துக் கொடையில் யூடியூப் நேரலை செய்துகொண்டிருந்த பையன்களை நான் கவனித்தேன். பந்தலின் ஓரத்தில் ஒரு மேசை. மூன்று கேமராக்களின் ஒயர்கள் அதில் வந்து சேர்கின்றன. மிக்சரிலிருந்து ஒரு கேபிள். ஹெட்போன் மாட்டியிருந்த பையன் வில்லுப்பாட்டில் குடத்தின் ஒலி மற்ற எல்லாவற்றையும் அமுக்குகிறது என்று கண்டு, குடக்காரருக்கு முன்னால் இருந்த மைக்கை ஒரு சாண் தள்ளிவைத்துவிட்டு ஓடிவந்தான். உடனே புலவரின் சொல் தெளிந்தது. சாமி வந்து ஆடத் தொடங்கியதும், யாரும் சொல்லாமலே, அகலக் காட்சியிலிருந்து முகத்துக்கு மாறினான். ஊரைவிட்டு மும்பையிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செலவை வரி போட்டு ஊர்க் கமிட்டி கொடுக்கிறது. இது சினிமா இல்லைதான், ஆனால் அந்தப் பையன் செய்தது படத்தொகுப்பு. கல்யாண வீடியோ, நகைக்கடை ஜவுளிக்கடை விளம்பரம், டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையங்களின் காணொளிப் பாடம், தேர்தல் பிரசாரம் என்று இந்தக் கைத்தொழிலுக்கு வேலை தருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். சினிமா மக்களுக்குப் பழக்கிவிட்ட ரசனைதான் இவர்கள் அனைவரையும் இப்படிக் காட்சி கேட்க வைக்கிறது.

படிப்பு விஷயத்தில் என் பரிந்துரை இதுதான். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் +2-வுக்குப் பின் சேரும் நான்காண்டுப் பட்டப்படிப்புகள் உள்ளன. படத்தொகுப்பும் ஒலிப்பதிவும் அவற்றில் அடங்கும். அரசு நிறுவனம் என்பதால் தனியார் அகாடமிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் கட்டணம் குறைவு; ஆனால் இடங்களும் மிகக் குறைவு. ஆகவே அதற்கு விண்ணப்பிக்கும்போதே பாளையங்கோட்டையிலோ நகரைச் சுற்றியோ ஒரு கல்லூரியில் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் அல்லது கணினி அறிவியலுக்கும் விண்ணப்பம் போட்டுவைக்க வேண்டும். அங்கே பட்டம் முடித்தால் கதவு மூடிவிடாது. 1960-ல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியும், 1995-ல் தொடங்கிய கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனமும் பட்டதாரிகளை நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கின்றன; அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே தொடர்பியல் துறை இருக்கிறது. என்னைக் கேட்டால், பதினேழு வயதில் நேரே சினிமாப் படிப்பு என்பதைவிட ஒரு பொதுப் பட்டம் முடித்து இருபது வயதில் புனேவுக்கோ கொல்கத்தாவுக்கோ முயல்வது இன்னும் உறுதியான வழி. அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்பதும் தெரியும்.

"நூறு சதவீத வேலை உத்தரவாதம், பெரிய படத்தில் வாய்ப்பு" என்று நோட்டீஸ் அடித்து லட்சக்கணக்கில் வாங்கும் அகாடமிகளிடம் மட்டும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் பழைய மாணவர்களின் பெயர்களைக் கேளுங்கள். அந்தப் பெயர்கள் ஏதாவது படத்தின் எழுத்து ஓடும்போது வருகின்றனவா என்று உங்கள் மகளே தேடிப் பார்த்துவிடுவாள். பெயர் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட பயம் ஒன்று இருக்கிறது. பெண் பிள்ளை என்பது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017-ல் அமைக்கப்பட்ட ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, உங்கள் பயத்தில் பாதி உண்மை என்று நாடே அறிந்தது. மீதிப் பாதிக்கு வழி உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும்; அதைவிடச் சிறிய இடமானால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சென்னையில் சாலிகிராமத்திலும் வடபழனியிலும் எடிட்டிங் வேலை இரவு இரண்டு மணிவரை நீளும். வீடு திரும்ப வண்டி உண்டா, அங்கே வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, புகார்க் குழு யார் என்று வேலைக்குச் சேரும் முதல் நாளே கேட்கக் கூச்சப்படாத பெண்ணாக அவளை வளர்த்துவிட்டால் போதும். பேசாமல் இரண்டு நாள் உங்களையே எதிர்த்து நின்றவளுக்கு அந்தத் துணிச்சல் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் இப்போதே பேசிவிடுவது நல்லது. உதவி எடிட்டராகச் சேரும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வருமானம் விட்டு விட்டுத்தான் வரும். ஒரு படம் முடிந்து அடுத்தது வர இடைவெளி விழும். சினிமாத் தொழிலாளர் சங்கத்து அட்டை வாங்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சென்னையில் விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்தக் காலம் முழுவதும் உங்களால் அனுப்ப முடியுமா, எவ்வளவு, எதுவரை என்று ஒரு தொகையையும் ஒரு கெடுவையும் அவளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு என்று சேர்த்ததை எடுத்து இதில் போட வேண்டாம். போட்டால் அதன் பிறகு ஒவ்வொரு பேச்சிலும் அது வந்து நிற்கும்.

தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அதிகாலையில் மார்க்கெட்டில் லாரி வந்து நிற்பதிலிருந்து ஏலம் முடிவதுவரை அவளே போனில் படம் பிடித்து, பத்து நிமிடத்துக்கு வெட்டி, ஒலியும் சேர்த்து முடிக்கட்டும். அதிகாலையில் எழுந்து வருகிறாளா, பிடித்த காட்சியையும் தேவையில்லை என்றால் வெட்டி எறிகிறாளா, மூன்றாம் நாள் சலித்து விட்டுவிடுகிறாளா என்பதை நீங்கள் பக்கத்தில் இருந்தே பார்த்துவிடலாம். முடித்துவிட்டால் அந்தக் காணொளியோடு உங்கள் இருவரையும், முடிந்தால் அவள் அம்மாவையும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் என் அலுவலகத்துக்கு எதிர்பார்க்கிறேன். மதிப்பெண் பட்டியலை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.